கதவு திறக்கும் முன்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இலக்கிய நிகழ்ச்சியில் தொலைக்காட்சிக்கு என்ன வேலை, அதிலும் கொலை, கடத்தல், துப்பறிதல் என்று ஓடும் தொடர் நாடகங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த நாடகங்களைப் பற்றிக்கூட நான் முழுமையாகப் பேசப்போவதில்லை. நாடகம் தொடங்குமுன், நடிகர்களினதும் தொழில்நுட்பக் கலைஞர்களினதும் பெயர்கள் தோன்றி மறையும் ஒரு நிமிடம் வருகிறதல்லவா? அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன்.

அந்த நிமிடத்தில் கதை இன்னும் தொடங்கவில்லை. யாரும் கொல்லப்படவில்லை. யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதும் நமக்குத் தெரியாது. ஆயினும் மனதில் ஒரு கலக்கம் குடிபுகுந்துவிடுகிறது. பிள்ளைகள் தாயின் பக்கமாக நகர்ந்து உட்காருகிறார்கள். திறந்து கிடந்த யன்னலை யாரோ எழுந்துபோய்ச் சாத்துகிறார்கள். நடக்காத ஒன்றுக்கு மனிதர் ஏன் அஞ்சுகிறார்கள்? இது தொழில்நுட்பம் மட்டும் சார்ந்த கேள்வியென்று எனக்குத் தோன்றவில்லை. நூலுக்குப் பாயிரம் எழுதிய மரபில் வந்தவர்கள் நாம். முகவுரை, பதிகம் என்றெல்லாம் அதற்குப் பல பெயர் சூட்டி நன்னூல் இலக்கணம் வகுத்திருக்கிறது. தொலைக்காட்சி நாடகத்தின் தொடக்கக் காட்சியும் ஒரு பாயிரந்தான். ஆகவே இலக்கிய மாணவன் அதைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை.

முதலில் நம் வீட்டுப் பொருளையே எடுத்துப் பார்ப்போம். சிலப்பதிகாரத்தை ஒரு குற்றக் கதையாகவும் படிக்கலாம். ஒரு திருட்டு, ஒரு பொய்ச் சாட்டு, விசாரணையற்ற ஒரு கொலை, பிறகு உண்மை வெளிப்படுதல் என்ற வரிசை அதில் இருக்கிறது. அதன் பதிகம் எப்படித் தொடங்குகிறது? ஒரு முலை இழந்த பெண்ணொருத்தி வேங்கை மரத்தடியில் நின்றாள், பிறகு விண்ணுலகம் போனாள், அது தமக்கு வியப்பாயிருந்தது என்று குன்றக் குறவர் வந்து இளங்கோவடிகளிடம் சொல்கிறார்கள். யார் அவள், ஏன் அந்தக் கோலம் என்பது அப்போது தெரியாது. விளங்காத ஒரு காட்சி முதலில் வருகிறது, விளக்கம் பிறகு சாத்தனார் வாயிலாக வருகிறது.

அதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. கோவலன் மதுரைக்குள் போய்விட்டான். அவனுக்கு நேர்ந்தது ஆயர்சேரிக்குத் தெரியாது. அங்கே என்ன நடக்கிறது? குடத்திலிட்ட பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. துள்ளித் திரியும் குட்டிகள் துள்ளவில்லை. மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. இவ்வளவுதான். பேய் இல்லை, வாள் இல்லை, இரத்தம் இல்லை. ஆய்ச்சியர் நாள்தோறும் கையாளும் பால், வெண்ணெய், மாடு, மணி ஆகியவையே தத்தம் இயல்பிலிருந்து சற்று விலகி நிற்கின்றன. படிப்பவருக்கு நெஞ்சு படபடக்கிறது. இளங்கோ கண்டுகொண்ட அந்த உண்மையைத்தான் இன்றைய தொலைக்காட்சிக் கலைஞர்களும் கையாள்கிறார்கள். அச்சத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து காட்டுவதைவிட, நமக்குப் பழகிய பொருளை ஓரங்குலம் நகர்த்தி வைப்பது வலிமையானது.

இதற்கு மேனாட்டிலிருந்து இரண்டு மூன்று உதாரணங்கள் சொல்கிறேன். அல்பிரட் ஹிட்ச்கொக் என்ற திரைப்பட இயக்குநரின் பெயரில் 1955ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஆரம்பமானது. அதன் தொடக்கத்தில் பருத்த மனிதர் ஒருவரின் பக்கத்தோற்றம் சில கோடுகளால் வரையப்பட்டிருக்கும். கோட்டோவியத்தை வரைந்தவர் ஹிட்ச்கொக்தான். ஒரு பக்கத்திலிருந்து நிழலுருவம் ஒன்று மெல்ல நடந்துவந்து அந்தக் கோடுகளுக்குள் பொருந்தி நிற்கும். பின்னணியில் ஒலிப்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோவின் இசைத்துண்டு. பொம்மை ஒன்றின் சாவு ஊர்வலத்துக்காக எழுதப்பட்ட அந்த இசை துக்கமாக இராது. குறும்பாக, தத்தித் தத்தி நடப்பதுபோல இருக்கும். சாவைப் பற்றிய கதைக்குச் சிரிப்பூட்டும் இசை! கண் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்கிறது. எதை நம்புவதென்று தெரியாத நிலையில்தான் மனம் தடுமாறுகிறது. செத்த வீட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றால் நமக்கு எப்படியிருக்கும்? அழுபவரைக் கண்டு நாம் பயப்படுவதில்லை. சிரிப்பவரைத்தான் திரும்பிப் பார்க்கிறோம்.

அடுத்தது 1990இல் வெளிவந்த ‘ட்வின் பீக்ஸ்’ என்ற தொடர். டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ரொஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது. இளம் பெண் ஒருத்தியின் கொலைதான் கதை. ஆனால் தொடக்கக் காட்சியில் கொலையின் சாயல்கூடக் கிடையாது. கிளையில் ஒரு சிறு குருவி. மர ஆலையின் புகைபோக்கி. வாள்பற்களைத் தானாகவே தீட்டிக்கொண்டிருக்கும் இயந்திரம், அதிலிருந்து சிதறும் தீப்பொறி. மலைச் சாலை, ஊர்ப்பெயர்ப் பலகை, ஓர் அருவி, மெல்ல நகரும் ஆற்றுநீர். இசையும் தாலாட்டுப்போல நிதானமானது. ஆனால் அந்தக் காட்சிகளில் மனிதரே இல்லை. இயந்திரம் வேலை செய்கிறது, இயக்குபவரைக் காணோம். சாலை இருக்கிறது, நடப்பவரைக் காணோம். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, இந்த ஊரில் உள்ளவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கண்டியைச் சுற்றி வாழ்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மலையும் பனிமூட்டமும் ஆலையும் ஆறும் நம்மிடமும் உண்டு. மார்கழிக் காலையில் ஹந்தானைப் பக்கம் பனி இறங்கியிருக்கும்போது கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கடந்து போய்ப்பாருங்கள். தகரக் கூரை, வரிசையான கண்ணாடி யன்னல்கள், உள்ளே ஒருவருமில்லை. ஆட்கள் வேலை செய்த காலத்தில் அதே கட்டிடம் யாரையும் பயமுறுத்தியதில்லை. சத்தமும் வாசனையும் நிறைந்த அந்த ‘ஸ்டோர்’ ஊரின் நெஞ்சுத்துடிப்பாக இருந்தது. கட்டிடம் மாறவில்லை, மனிதரை மட்டும் எடுத்துவிட்டார்கள். தொடக்கக் காட்சியை அமைப்பவர் செய்வதும் அதுவே.

மூன்றாவது உதாரணம் 2006இல் தொடங்கிய ‘டெக்ஸ்டர்’. கொலைகாரன் ஒருவனே கதாநாயகன். தொடக்கத்தில் அவன் செய்வதெல்லாம் காலைக் கடன்கள். நுளம்பு ஒன்றை அடிக்கிறான், சவரம் செய்கிறான், முட்டை பொரிக்கிறான், கோப்பிக்கொட்டை அரைக்கிறான், தோடம்பழத்தை வெட்டிப் பிழிகிறான், பல்லிடுக்குத் துப்புரவாக்கும் நூலை விரலில் சுற்றுகிறான், சப்பாத்துக் கயிற்றை இழுத்துக் கட்டுகிறான். இவற்றுள் நம்மில் யாரும் செய்யாதது எது? ஆனால் கமரா மிக நெருங்கி நிற்கிறது. கத்தி பழத்துக்குள் இறங்குவது தசைக்குள் இறங்குவதுபோலத் தெரிகிறது. விரலை இறுக்கும் நூல் வேறொன்றை இறுக்கும் கயிற்றை நினைவூட்டுகிறது. மறுநாள் காலை நாம் தோடம்பழம் வெட்டும்போது அந்தக் காட்சி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அதாவது, ஆயர்சேரியின் பால்குடம் இங்கே சமையலறைக் கத்தியாக மாறியிருக்கிறது. 1919ஆம் ஆண்டில் சிக்மண்ட் ஃப்ராய்ட் எழுதிய கட்டுரையொன்று இந்த உணர்வைத்தான் ஆராய்ந்தது. முன்பின் அறியாததைவிட, நன்கு அறிந்த வீடு வீடாக இல்லாமற் போகும்போதே மனிதன் கூடுதலாக நடுங்குகிறான் என்பது அதன் சாரம்.

நான் வானொலியில் பேசுபவன் என்பதால் ஒலியைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. தொடக்கக் காட்சியில் பாதி வேலையைக் காதுதான் செய்கிறது. நமது இசையில் ஒரு பாட்டு எங்கெங்கோ சஞ்சரித்தாலும் ஆதார சட்ஜத்துக்குத் திரும்பி வரும். திரும்பி வந்ததும் மனம் ஆறுதலடையும். குற்ற நாடகங்களின் தொடக்க இசை பெரும்பாலும் அந்த ஆறுதலைத் தருவதில்லை. தாழ்ந்த சுரம் ஒன்று நீண்டு ஒலித்துக்கொண்டேயிருக்கும். அதன்மேல் ஒரு சிறு மெட்டு கிளம்பும், ஏறும், வீடு திரும்பாமலே நின்றுவிடும். நாமோ வாசற்படியில் காத்து நிற்பவரைப்போலாகிறோம். இதையே வாரந்தோறும் கேட்கக் கேட்க, காது பழகிப்போகிறது. பிறகு இசையின் முதல் இரண்டு சுரம் போதும், உடம்பு தானாக விறைத்துக்கொள்ளும். தமிழ்ச் சினிமாவில் இதற்கொரு முன்னோடி உண்டு. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலே இல்லாத படம். கொலையுண்டவன் ஒரு வானொலிப் பொறியியலாளன். பாட்டுக்குப் பழகிப்போன இரசிகர்களுக்குப் பாட்டில்லாத அந்த மௌனமே ஓர் ஐயத்தைத் தந்திருக்கும்.

காது எப்படிப் பழகுகிறது என்பதைத் தோட்டப்புறத்தில் பிறந்தவர்கள் நன்கறிவர். தப்பு என்ற ஒரே வாத்தியம். அதிகாலையில் ஆட்களைப் பிரட்டுக்கு அழைக்க ஓர் அடி. திருவிழாவுக்கு ஓர் அடி. காமன் கூத்துக்கு ஓர் அடி. இழவுக்கு வேறோர் அடி. லயத்தில் படுத்திருப்பவர் கண்ணைத் திறக்காமலே, இது எந்த அடி என்று சொல்லிவிடுவார். இழவுத் தப்பு கேட்டால், யாரென்று தெரியுமுன்னே வயிறு கலங்கும். தொலைக்காட்சித் தொடக்க இசையும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. தோட்டத்துப் பிள்ளைக்குத் தப்பு என்றால் சாவும் தெரியும், காமன் கூத்தும் தெரியும், வேலைநாளும் தெரியும். தப்பையே அறியாத நகரத்து இரசிகருக்குக் குற்ற நாடகத்தின் தொடக்கத்தில் கேட்கும் தப்பு ஒன்றை மட்டுமே சொல்லும்: ஆபத்து.

இங்குதான் நான் சொல்லவந்த விடயம் தொடங்குகிறது.

1990களில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் ‘மர்மதேசம்’ என்ற தொடர் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார். கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்தது. அதன் ஒரு பகுதி ‘விடாது கருப்பு’. ஊர்க் காவல் தெய்வமான கருப்பு இரவில் குதிரையேறி வந்து தவறு செய்தவர்களைத் தண்டிக்கிறது என்ற நம்பிக்கையைச் சுற்றியமைந்த கதை. இரவு, குதிரை, அரிவாள், இவற்றோடு நெஞ்சைப் பிசையும் இசை. எண்ணிறந்த தமிழ்ப் பிள்ளைகள் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்த தொடர் அது. அதன் கலைத்திறனில் எனக்கு ஐயமில்லை. நம்பிக்கையை ஏளனம் செய்யாமலும் மூடநம்பிக்கைக்கு அடிபணியாமலும் கதையைக் கொண்டுசென்ற நேர்மையும் அதற்குண்டு.

ஆயினும் அதைக் கண்டி மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. அரிவாள் ஏந்திய தெய்வம் இங்கே யாருக்கும் அந்நியமல்ல. முனியாண்டி இருக்கிறார், மாடசாமி இருக்கிறார், மதுரைவீரன் இருக்கிறார். தொழிற்சாலை இயந்திரத்தின் பக்கத்தில் ரோதைமுனி என்று கும்பிடப்படும் சாமிகூட உண்டு. கைகால் இயந்திரத்தில் அகப்படாமல் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டு வேலை தொடங்கியவர்கள் நம் முன்னோர். காடு வெட்டி மலையேறி வந்தவர்களுக்கு அட்டையிலிருந்தும் கொடிய நோயிலிருந்தும் துரையின் கோபத்திலிருந்தும் காவல் வேறு யார்? அவர்களுக்கு அந்த அரிவாள் துணை. இரவில் தனியே கொழுந்துமலை ஏறும்போது நெஞ்சில் வைத்துக்கொள்ளும் தைரியம். அதே அரிவாள், அதே கரிய முகம், அதே தப்பொலி பெரும்பட்டணத்துத் திரையில் ஒரு நிமிடத் தொடக்கக் காட்சியாகும்போது, துணையாயிருந்தது அச்சுறுத்தலாகிவிடுகிறது. கதை போகப்போக உண்மை விளங்கலாம். ஆனால் கதை ஒருமுறைதான் முடிகிறது. தொடக்கக் காட்சியோ வாரந்தோறும் திரும்ப வருகிறது. கதையை மறந்துவிட்டவருக்கும் அது மனதில் தங்குகிறது.

கலக்கம் என்பது பழகிய பொருளை நகர்த்தி வைப்பதால் பிறக்கிறது என்று முன்னர் சொன்னேன். அப்படியானால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். யாருக்குப் பழகிய பொருள்? யாருடைய வீட்டுப் பொருள்? டெக்ஸ்டரின் தோடம்பழம் எல்லாருடையதும். அதை நகர்த்தினால் எல்லாரும் சமமாகக் கலங்குவார்கள். குறுகிய லயத்து நடை, ஒழுகும் தகரம், கறுத்த முகம், தப்பு, முனி என்று எடுக்கும்போது, ஒரு சாராரின் அன்றாட வாழ்க்கை மற்றொரு சாராரின் அச்சத்துக்குப் படமாகிறது. கொலை நடக்கும் இடம் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு சொல்லும் பேசாமல் சொல்லப்படுகிறது. வசனத்தில் சொன்னால் நாம் எதிர்த்துப் பேசலாம். இசையிலும் நிழலிலும் சொன்னால் எப்படி எதிர்ப்பது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலருக்கு வெறும் பொழுதுபோக்காயிருக்கும் படம், வேறு சிலருக்கு வாழ்ந்த அனுபவமாக இருக்கும். குற்ற நாடகங்களில் அடிக்கடி வரும் தொடக்கப் படம் ஒன்று: இரவு, நாய் குரைக்கிறது, வாகனமொன்றின் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து போகிறது, படலையடியில் நிற்கிறது, கதவு தட்டப்படுகிறது. உலகத்தில் எங்கோ இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு சுவையான திகில். கண்டியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் 1987 முதல் 1989 வரையான காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அது அப்படியல்ல. அந்த ஆண்டுகளில் இரவில் வந்து நின்ற வாகனங்கள் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போயின, பலர் திரும்பவில்லை. 1989 ஒக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில், குளமொன்றைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அமைதியான நீர், புல்தரை, மரநிழல் என்று ட்வின் பீக்ஸ் காட்டுவதுபோன்ற அழகான இடமே அது. அந்தக் காலை பேராதனையில் நின்றவருக்கு, அமைதியான நீர்நிலையைத் திரையில் காணும்போது என்ன தோன்றும் என்று அந்தக் கலைஞர்களால் கணக்கிட்டிருக்க முடியாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டதைக் கண்ட முஸ்லிம் குடும்பமொன்றுக்கு, அவசரமாக இழுத்து மூடப்படும் கடைக்கதவின் ஒலி வெறும் பின்னணி ஓசையாகக் கேட்குமா?

ஆகவே தொடக்கக் காட்சி தன்னந்தனியாகக் கலக்கத்தை உண்டாக்குவதில்லை. நமக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தட்டுகிறது. கலைஞர் கொடுப்பது தட்டும் விரல் மாத்திரம். திறக்கும் கதவு நம்முடையது. உள்ளே என்ன இருக்கிறதென்பது அவரவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பொறுத்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாடகத்தின் தொடக்கக் காட்சி நம்மைக் கலக்கும்போதே ஒரு வாக்குறுதியும் தருகிறது. பயப்படு, ஆனால் இதற்கு விடை உண்டு, யாரோ ஒருவர் வந்து உண்மையைக் கண்டுபிடிப்பார் என்கிறது. அந்த வாக்குறுதி இருப்பதனால்தான் மக்கள் காசு கொடுத்தும் கண்விழித்தும் அந்தக் கலக்கத்தை விரும்பி ஏற்கிறார்கள். நமது நாட்டில் 1994இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. மத்திய மாகாணமும் அவற்றின் விசாரணைக்கு உட்பட்டது. 2016இல் காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. ஆயினும் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு விடை கிடைக்காமலே கண்மூடிய தாய்மார் எத்தனையோ பேர். அவர்களுடைய கதைக்கு இறுதி அத்தியாயம் எழுதப்படவில்லை. இரவு ஒன்பதரைக்கு அயல்வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து கேட்கும் குற்ற நாடக இசை அப்படிப்பட்ட ஒரு தாயின் காதில் விழும்போது, அவளுக்குக் கலக்கம் மட்டுமே வந்து சேர்கிறது. வாக்குறுதி வந்து சேர்வதில்லை.

இதனால் குற்ற நாடகமே வேண்டாமென்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். கலக்கமில்லாத கலை உப்பில்லாத சோறு. சிலப்பதிகாரத்தைக் கலக்கமின்றிப் படித்தவர் அதைப் படிக்கவில்லை என்றே பொருள். நான் சொல்வது அந்த ஒரு நிமிடத்தையும் இலக்கியத்தைப் படிக்கும் கவனத்தோடு படிக்க வேண்டுமென்பதே. இணையவழித் தொலைக்காட்சியில் 2017 முதல் தொடக்கக் காட்சியைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் வந்திருக்கிறது. இன்றைய இளைஞர்கள் அதை அழுத்திவிட்டு நேரே கதைக்குப் போகிறார்கள். அவசரக்காரர்களுக்கு வசதிதான். ஆனால் பாயிரத்தைப் புரட்டிவிட்டு நூலுக்குள் போகிறவர், தன் மனம் எப்படி ஆயத்தப்படுத்தப்படுகிறது என்பதைக் காணத் தவறுகிறார். வேகமாக ஓடும் கதைக்குள்ளும் அதே நிழலும் அதே ஒலியும் சிதறிக் கிடக்கத்தான் செய்கின்றன.

நம் நாட்டில் தமிழில் நாடகமும் குறும்படமும் எடுக்கவரும் இளம் கலைஞர்களிடம், விசேடமாக மலையகத்துப் பிள்ளைகளிடம், எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குற்றக் கதை எடுங்கள். பார்ப்பவர் நடுங்கும்படி எடுங்கள். ஆனால் தொடக்கக் காட்சிக்கு ஒரு பொருளைத் தெரியும்போது, அது யார் வீட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்று ஒருகணம் பாருங்கள். தப்பை எடுப்பதானால் அதன் எல்லா அடிகளையும் அறிந்துகொண்டு எடுங்கள். இழவு அடியை மட்டும் எடுத்துச் சாவுக்கு விலாசமாக்காதீர்கள். அச்சத்துக்குப் படம் வேண்டுமென்றால் லயத்தைத் தேடித்தான் போகவேண்டுமா? துரையின் பங்களாவில் மாட்டியிருக்கும் மணிக்கூட்டையும் காட்டலாம். கையொப்பமிடத் தயாராக மேசையிலிருக்கும் பேனையையும் காட்டலாம். நமது சரித்திரத்தில் இலட்சக்கணக்கானோரின் குடியுரிமையை 1948இல் பறித்தது அரிவாளல்ல, பேனைதான். அந்தப் பேனையை மிக நெருங்கிப் படம் பிடித்து, திரும்பி வராத ஒரு சுரத்தை அதன்மேல் வைத்துப்பாருங்கள். கலக்கம் வருகிறதா இல்லையா என்று மலையகத்தின் முதியவர் ஒருவரிடம் கேளுங்கள்.

நேயர்களே, அடுத்தமுறை உங்கள் வீட்டில் குற்ற நாடகமொன்றின் தொடக்க இசை எழும்போது யன்னலைச் சாத்த எழுந்து போகுமுன் சற்று அமர்ந்திருங்கள். எந்தப் பொருள் காட்டப்பட்டபோது உங்கள் மனம் துணுக்குற்றது என்று பாருங்கள். அது எங்கிருந்து உங்களுக்கு வந்த அச்சம், வாழ்ந்து கற்றதா, திரையிலிருந்து கற்றதா என்று பக்கத்திலிருக்கும் பிள்ளைகளோடு பேசிப்பாருங்கள். பெயர்கள் ஓடி முடிவதற்கு ஒரு நிமிடமாவது ஆகும். அந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு அவ்வளவு நேரம் போதும்.